இனிப்பைத் தின்னாத கரப்பான்

என் அண்ணனுக்குக் கரப்பான்பூச்சியின் மேல் இருக்கும் நம்பிக்கை, கூடப் பிறந்தவளின் புருஷன் மேல் இல்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணன் பூச்சிமருந்து நிறுவனம் நடத்துகிறான். நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பழைய வேன், மருந்து அடுக்கிய ஓர் அறை, அதற்கு முன்னால் ஓர் அலுவலகம், அவ்வளவுதான். அலுவலகத்தில் போன் எடுப்பது நான். வேனை ஓட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் மருந்து வைப்பது என் கணவர். எலி, கரையான், மூட்டைப்பூச்சி எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள் என்றாலும் எங்களுக்குச் சோறு போடுவது கரப்பான்தான். அதற்கு இப்போதெல்லாம் தெளிப்பது கிடையாது. ஊசிக்குழலில் வரும் ஜெல்லை அலமாரிக் கீல், அடுப்புக்குப் பின்சுவர், ஃபிரிட்ஜுக்கு அடி என்று பொட்டுப் பொட்டாக வைத்துவிட்டு வருவார். ஜெல் இனிக்கும். கரப்பான் ஆசைப்பட்டுத் தின்னும், செத்துப்போகும்.

அண்ணன் வாரத்தில் ஆறு நாள் பூச்சி கொல்கிறவன், ஏழாம் நாள் பிரார்த்தனைக் கூடத்தில் பேசுகிறவன். அவனுக்குப் பிடித்த தலைப்பு படைப்பு. கடவுள் ஆதியில் படைத்ததில் இன்றுவரை ஒரு மயிரிழைகூட மாறவில்லை, மாறியது என்று சொல்கிறவன் நம்மைக் குரங்குக்குப் பேரன் ஆக்கப் பார்க்கிறான் என்று மேசையைத் தட்டிப் பேசுவான். கூட்டம் உருகிப்போகும். நானும் அந்தக் கூடத்தில் வளர்ந்தவள்தான், கடவுள்தான் படைத்தார் என்று நானும் நம்புகிறேன். ஆனால் அவர் எப்படிப் படைத்தார் என்று பக்கத்தில் நின்று பார்த்தவனைப் போல என் அண்ணன் பேசும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும்.

இந்த வருஷம் புகார் வர ஆரம்பித்தது. முதல் போன் பெண்கள் விடுதி நடத்தும் அம்மாவிடமிருந்து. எங்கள் கூடத்துக்கு வருகிறவர்தான்.

"மருந்து வெச்சு ஒரு வாரம் ஆச்சும்மா. ஒண்ணுகூடச் சாகல. மருந்துக்குப் பக்கத்துலயே குடும்பத்தோட உக்காந்திருக்கு" என்றார்.

என் கணவர் திரும்பப் போய் வைத்தார். பலன் இல்லை. அப்புறம் ஒரு ரொட்டிக்கடை, ஒரு மருத்துவமனைச் சமையலறை, சில வீடுகள். நாள் முழுக்கத் திட்டு வாங்கி என் காது புளித்துப் போனது.

ஒரு காலையில் அண்ணன் என் கணவரை மேசைக்கு முன்னால் நிற்க வைத்தான். உட்காரச் சொல்லவில்லை.

"மருந்து அதே கம்பெனி மருந்து. கரப்பானும் கடவுள் படைச்ச அதே கரப்பான். போன வருஷம் செத்தது, இந்த வருஷம் ஏன் சாகல? நடுவுல இருக்கற மனுஷன்தான் மாறியிருக்கணும். என்ன கலக்கறீங்க மாப்பிள்ளை? சர்க்கரைப் பாகா? மிச்ச மருந்து எங்க போகுது?"

"நான் எதையும் கலக்கல மச்சான்" என்றார் அவர். ஒரே தரம்தான் சொன்னார். அவருக்கு எதையும் இரண்டாம் தரம் சொல்லத் தெரியாது, அதற்கும் சேர்த்துப் பேசத்தான் கடவுள் என்னைப் படைத்திருக்கிறார்.

நான் பேசினேன். "அண்ணா, உனக்கு மூளை குழம்பிப் போச்சா? யாரைப் பாத்து என்ன கேக்கற?" என்றேன். குடும்பம் வேறு, தொழில் வேறு என்றான். அந்த வாரமே கூடத்தில், உண்மையாய் உழைப்பதைப் பற்றிப் பேசும்போது, "நம்ம வீட்டுக்குள்ளயே கை நீளம் இருந்தா நாம ஊருக்கு என்னத்தச் சொல்றது?" என்று கேட்டான். பெயர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, எல்லாத் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது. அவர் குனிந்தபடி தன் கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்துபோய் அண்ணனின் மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

மறுவாரம் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவர் கூப்பிட்டார். இவர் திட்டவில்லை, சந்தோஷமாகப் பேசினார். "உங்க மருந்தை என் வீட்டுக் கரப்பான் நக்கிப் பாத்துட்டு வேண்டாம்னு திரும்பிப் போகுதும்மா. வந்து பாருங்க" என்றார். நானே என் கணவரோடு வேனில் ஏறிப் போனேன்.

பேராசிரியர் சமையலறை விளக்கை அணைத்து, மங்கலான ஒரு கைவிளக்கைப் பிடித்துக் காட்டினார். ஒரு தட்டில் ஒரு பக்கம் ஜாம், மறுபக்கம் அரைத்த வேர்க்கடலை. அலமாரி இடுக்கிலிருந்து சின்னக் கரப்பான்கள் இறங்கி வந்தன. முதலில் வந்தது ஜாமில் வாயை வைத்தது, கசப்பு மருந்து கொடுத்த குழந்தை மாதிரி வெடுக்கென்று பின்வாங்கி வாயைத் துடைத்தது. வேர்க்கடலைப் பக்கம் ஓடிப்போய் மொய்த்துக்கொண்டது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே.

"எல்லாரும் வருஷக்கணக்கா இனிப்புல விஷம் வெச்சீங்க. இனிப்பு பிடிச்சதெல்லாம் செத்துப்போச்சு. எங்கயோ ஒண்ணு ரெண்டு இனிப்பு பிடிக்காம பிறந்திருக்கும், அது பொழச்சுது. அதோட குஞ்சுகதான் இதெல்லாம். பரிணாமம் என் சமையலறைலயே நடக்குதும்மா!" என்று பேராசிரியர் குதிக்காத குறையாகச் சொன்னார்.

என் கணவர் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் வெச்சதுல தப்பு இல்ல" என்றார் மெதுவாக. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"சார், இவருக்குத் திருடன்னு பட்டம் கட்டியிருக்காங்க. இப்ப சொன்னதை எங்க அண்ணன்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றேன்.

பேராசிரியர் வாசலில் நின்ற எங்கள் வேனை எட்டிப் பார்த்தார். அதன் முதுகில் அண்ணன் எழுதி வைத்திருக்கும் பிரார்த்தனை வாசகத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாதிரி ஆளுங்ககிட்ட எல்லாம் நான் பேசறதில்லம்மா. பேசியும் பிரயோஜனம் இல்ல. நீங்க வேணா ரெண்டு கரப்பானைப் பிடிச்சுட்டுப் போங்க" என்றார். தன் ஆராய்ச்சிக்கு மட்டும் ஒரு ஜாடி நிறையப் பிடித்து வைத்துக்கொண்டார். படித்தவர், நல்லவர், ஆனால் ஒரு மனுஷனின் மானம் போகிறது என்றால் கரப்பான் அளவுக்குக்கூட அவருக்கு அதில் ஆர்வம் இல்லை. அவர் மேலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சரி, நானே ஆயிற்று என்று ஒரு கண்ணாடிப் பெட்டியில் கரப்பான்களைக் கொண்டுவந்து அண்ணன் மேசை மேல் வைத்தேன். ஜாம் ஒரு பக்கம், வேர்க்கடலை ஒரு பக்கம்.

"பாரு" என்றேன்.

பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "ஜாம் கெட்டுப் போயிருக்கும்" என்றான். நான் அவன் கண்ணெதிரே அதே ஜாம் புட்டியிலிருந்து விரலால் வழித்து நக்கிக் காட்டினேன். அவன் பெட்டியைத் தள்ளி வைத்தான்.

"இது பழக்கம். நாய்க்குப் பழக்கம் மாறலயா?"

"பழக்கம்னே வெச்சுக்கோ. கரப்பான் மருந்தைத் தின்னல, அதனால சாகல. அப்ப அவர் கலக்கல. திருடல. ஆமாவா இல்லயா?"

அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான். "ஆமா. திருடல. போதுமா?"

"எனக்குப் போதும். கூடத்துல சொல்லு."

"அது எப்படி முடியும்?"

"கை நீளம்னு சொல்ல முடிஞ்சுதுல்ல?"

அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "நீ புரிஞ்சுக்கோ. அவர் திருடலன்னு சொன்னா, பின்ன ஏன் சாகலன்னு கேப்பாங்க. கரப்பான் மாறிடுச்சுன்னு என் வாயால நான் சொல்லணும். இத்தனை வருஷமா எதை மாறாதுன்னு சொன்னேனோ, அந்த இடத்துலயே நின்னு. இன்னிக்குக் கரப்பான் மாறிச்சுன்னு ஒத்துக்கிட்டா, நாளைக்கு ஒரு பொடியன் எழுந்து அப்ப குரங்கும் மாறியிருக்கும்லன்னு கேப்பான். எத்தனை பேரோட நம்பிக்கை போகும் தெரியுமா? வேற மாதிரி முடிச்சுக்கலாம். இனிப்பில்லாத ஜெல் வந்திருக்கு, சத்தமில்லாம அதை வாங்கிப் போடறேன். மாப்பிள்ளை வழக்கம்போல வேலைக்கு வரட்டும். நான் எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்."

மன்னித்துவிட்டானாம்! எதை மன்னித்தான், யார் செய்ததை மன்னித்தான் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். தண்ணீர் குடித்தான். கரப்பான் பெட்டியை எடுத்துப்போகச் சொன்னான். ஊருக்கெல்லாம் உண்மை பேசச் சொல்கிறவன், கண்ணால் பார்த்த உண்மையை மென்று விழுங்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தான்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். என் கணவர் சட்டையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான் சொல்றதும் ஒரு விதத்துல நியாயம்தான்" என்றார்.

"என்ன நியாயம்?"

"என் ஒருத்தன் பேருக்காக அத்தனை பேர் மனசு ஏன் கலையணும்? நான் திருடலன்னு கடவுளுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். நான் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுட்டா பேச்சு அடங்கிடும்."

"என்னங்க, உங்க கடவுள் என்ன கண்ணாடி டம்ளரா, ஒரு கரப்பான் மேல ஏறினா கீழ விழுந்து உடையறதுக்கு? படைக்கத் தெரிஞ்சவருக்கு மாத்தத் தெரியாதா? இதைக்கூடத் தாங்காத நம்பிக்கைக்கு உங்க பேரை ஏன் முட்டுக் குடுக்கறீங்க?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள், நன்றாகக் கேட்கட்டும் என்று இன்னும் கத்தினேன்.

அவர் மடித்த சட்டையையே பிரித்துத் திரும்பவும் மடித்தார்.

கூடத்தில் அந்த வாரம் அவர் எழுந்து நின்றார். "என்னைப் பத்தி ஒரு பேச்சு வந்துச்சு. அதனால யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றார். திருடினேன் என்று அவர் சொல்லவில்லை. அவருக்குப் பொய் வராது. ஆனால் கேட்டவர்கள் காதில் விழுந்தது அதுதான். அண்ணன் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. நான் எழுந்து, "அவர் எதையும் திருடல! எங்க அண்ணனுக்கே அது தெரியும்!" என்றேன். அண்ணன் தரையைப் பார்த்தான். என் கணவர்தான் பேசினார்.

"உக்காரும்மா" என்றார், கெஞ்சுகிற குரலில்.

பாவம், புருஷன் செய்ததைத் தாங்க முடியாமல் பேசுகிறாள் என்று பக்கத்திலிருந்தவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கையை நான் தட்டிவிட்டேன்.

புது ஜெல் வந்தது. டப்பா நிறம் வேறு என்பதைத் தவிர யாருக்கும் ஒன்றும் தெரியாது. கரப்பான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. புகார் நின்றது, பாராட்டு வர ஆரம்பித்தது. "இப்பதான் ஒழுங்கான மருந்து வருது" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "ஆளைக் கண்டிச்சு வெச்சுட்டீங்க போல" என்றார்கள் மருத்துவமனையில். செத்து விழுந்த ஒவ்வொரு கரப்பானும் என் கணவர் முன்பு திருடினார் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. அவரை இப்போது சமையலறைக்குள் விட்டுவிட்டு யாரும் நகர்வதில்லை. வாசலில் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம். இதை அவர் என்னிடம் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் தட்டை நகர்த்தி வைத்தார்.

அடுத்த நாள் விடுதி நடத்தும் அம்மா கூப்பிட்டார். அண்ணன் அலுவலகத்தில் என் எதிரேதான் உட்கார்ந்திருந்தான்.

"எல்லாம் செத்துப்போச்சும்மா. மன்னிப்பு கேட்டதோட உங்க வீட்டுக்காரர் திருந்திட்டார், சந்தோஷம்" என்றார்.

"அவர் திருந்தலங்க. திருந்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. பழைய மருந்து இனிப்பு, கரப்பான் இனிப்பை விட்டுடுச்சு. மருந்தை மாத்தினோம், சாகுது. அவர் அன்னிக்கும் சரியாத்தான் வெச்சார்" என்றேன்.

"போனை வை" என்றான் அண்ணன்.

"கரப்பான் இனிப்பை விட்டுடுச்சா? அது எப்படி விடும்?"

"வேணும்னா வாங்க, காட்டறேன். எங்க அண்ணன் கண்ணால பாத்தாச்சு."

"வைனு சொல்றேன்ல!" என்று அண்ணன் எழுந்து வந்தான்.

அந்த அம்மா "அப்படின்னா அன்னிக்கு எதுக்கும்மா அவரை மன்னிப்பு கேக்க விட்டீங்க?" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

நான் போனை அண்ணன் பக்கம் நீட்டினேன்.

"உன்கிட்டதான் கேக்கறாங்க" என்றேன்.

அவன் வாங்கவில்லை. கை பாதி வழி வந்து நின்றது. போனுக்குள்ளிருந்து அந்த அம்மா "அலோ, அலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் நீட்டிய கையை மடக்கவில்லை.