பேட்டரிப் பெட்டியில் ஒரு கத்திப் பிடி

கையில் சவரக் கத்தியோடு ஒரு பெண் கடைக்குள் ஓடி வந்தால் யாரும் எழுந்துதான் நிற்பார்கள். பக்ருதீன் எழுந்து நின்றான். பிடித்திருந்த ஸ்பேனரை மட்டும் கீழே வைக்கவில்லை.

"பயப்படாதீங்க பாய். குத்த வரலைங்க. இதுக்கு ஒரு பிடி வேணும்."

வந்தவள் காசியம்மாள். அதியமான்கோட்டையில் சவரத் தொழில் செய்யும் மாதுவின் மனைவி. பக்ருதீனுக்கு அதே ஊரில், சேலம் ரோட்டு ஓரத்தில் லாரி பேட்டரி ரிப்பேர் கடை.

கத்தியின் அடியில் சுற்றியிருந்த ஈரத் துண்டைப் பிரித்து நீட்டினாள். கத்தி நல்ல ஜெர்மன் இரும்பு. அதை மடக்கி வைக்கும் மூங்கில் பிடிதான் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"எங்கூட்டுக்காரரு தானே செதுக்கிப் போட்டதுங்க. தெனமும் சுடுதண்ணியில முக்கி முக்கி ஊறிப்போயி, இன்னைக்குன்னு பாத்துப் பொளந்துக்கிச்சு."

"புதுசு வாங்கறதுதானே?"

"பிடி மட்டும் எவன் விக்கறான்? கத்தியோட சேத்து வாங்குங்கறான். ஆசாரி வூட்டுக்கு ஓடுனேன், கம்பைநல்லூர் சந்தைக்குப் போயிட்டாராம். அரமும் ரம்பமும் இருக்கற அடுத்த எடம் இதுதானுங்க."

"நான் பேட்டரி பாக்கறவன்மா. கத்தி பாக்கறவன் இல்லை."

"ராணியம்மா வூட்ல கல்யாணம், பாய்."

பக்ருதீன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவனும் உள்ளூர்க்காரன். விஷயம் புரிந்துவிட்டது.

ராணியம்மாளின் மகன் முனிராஜுக்கு மறுநாள் காலை முகூர்த்தம். முதல் நாள் மாலைக்குள் மாப்பிள்ளைக்குச் சவரம் முடிய வேண்டும். அதை எவன் செய்கிறானோ, அந்த வீட்டுத் தலையும் தாடியும் பிறகு அவனுக்குத்தான். அறுவடைக்கு அறுவடை களத்துக் கேழ்வரகும் அவனுக்குத்தான். மாதுவின் அடுப்பு பாதி அதில் எரிந்தது. தர்மபுரி டவுனிலிருந்து ஒரு சலூன்காரன் காலையிலேயே வந்து பந்தலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப மாது எங்கே?"

"பந்தல்லதான். மொதல்ல மாமனுங்க, கடைசியில மாப்பிள்ளைங்கறதுதானே முறை. பழைய மொட்டைக் கத்தி ஒண்ணை வெச்சு மாமனுங்களை மெதுவா இழுத்துக்கிட்டிருக்காரு. அதை மாப்பிள்ளை முகத்துல வெச்சா ரத்தம் வந்துரும். ரத்தம் வந்தா அபசகுனம்னு எழுந்துருவாங்க."

"எத்தனை மாமனுங்க?"

"ஆறு பேரு. நான் கெளம்பறப்பவே மூணு பேரு சவரம் முடிஞ்சு மழமழன்னு ஒக்காந்திருந்தாங்க."

பக்ருதீன் சுற்றும் பார்த்தான். மரம் கிடையாது. இருந்தாலும் உதவாது, சுடுதண்ணீர் மறுபடியும் வேலையைக் காட்டும். தண்ணீர் தொட்டாலும் ஊறாதது எது? மூலையில் செத்துப்போன லாரி பேட்டரிகளின் காலிப் பெட்டிகள் கிடந்தன. கன்னங்கரேலென்ற கெட்டி ரப்பர். வருஷக்கணக்காக ஆசிட்டையே குடித்தும் அசராத சாமான். பழைய இரும்புக்காரன்கூட வேண்டாமென்று விட்டுப் போவான்.

ஒரு பெட்டியை இழுத்து, மிச்ச ஆசிட் போகச் சோடா உப்புத் தண்ணீரில் கழுவினான். ரம்பம் கிரீச்சிட்டது. விரல் அகலத்தில் இரண்டு பட்டைகள். அரத்தில் தேய்க்கத் தேய்க்கக் கந்தக வாடை கிளம்பியது.

"என்னங்க இது, தீபாவளி வெடி நாத்தம் அடிக்குது?"

"மாப்பிள்ளைக்கு மணக்காது. அந்த சைக்கிள் கம்பியை எடு."

ஸ்போக் கம்பியை வெட்டி ஆணியாக்கினான். கத்தியை நடுவில் வைத்து ஆணியடித்து நச்சென்று இறுக்கினான். பேட்டரிக்காரன் கை அது. எந்த இணைப்பும் ஆடக்கூடாது என்று பழகிய கை.

காசியம்மாள் வாங்கித் திறந்து பார்த்தாள். திறக்கவில்லை.

"ஆடணும் பாய். விரல் தள்ளுனா போகணும், விட்டா நிக்கணும்."

"எங்க தொழில்ல ஆடுனா லாரி நின்னுரும்மா."

"எங்க தொழில்ல ஆடலேன்னா காது போயிரும்."

அவன் சிரித்துக்கொண்டே ஆணியை அறுத்து எடுத்தான். இந்த முறை பட்டைகளுக்கு நடுவே மெல்லிய தகடு கொடுத்து ஆணியடித்து, பிறகு தகட்டை உருவினான். கத்தி வழுக்கிக்கொண்டு திறந்தது. ஆனால் மடக்கும்போது கூர் முனை ஒரு பட்டையில் உரசப் பார்த்தது. காசியம்மாள் சட்டென்று நிறுத்தினாள்.

"வால்பக்கம் ரெண்டும் ஒட்டிக்கிட்டிருக்குதுங்க. பழைய பிடியில அங்க சாம்பல் கலர்ல ஒரு துண்டு இருந்துச்சு. மெத்துன்னு இருக்கும்."

"ஈயமா?"

"ஆமா, அதேதான்."

பக்ருதீன் காலடியைக் காட்டினான். கடை முழுக்க ஈயம்தான் இறைந்து கிடந்தது.

ஈயத் துண்டை ஆப்பு மாதிரி சீவி வாலில் செருகியதும் பட்டைகள் விலகி வழிவிட்டன. பக்கத்து டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் கொதிதண்ணீர் வாங்கி வந்து பிடியை முக்கினான். எடுத்தான். ஊறவில்லை, வளையவில்லை.

காசியம்மாள் ஓடினாள்.

பந்தலில் கடைசி மாமன் சென்னப்பன் முகம் முழுக்க நுரையோடு உட்கார்ந்திருந்தார். மாது அவருக்கு மூன்றாம் முறையாகச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய் மாது, தாடியை எடுக்கறியா, துணி தொவைக்கறியா?"

"கல்யாண வூட்டு முகமுங்க. பளபளன்னு இருக்க வேண்டாங்களா?"

சலூன்காரன் பையைத் திறந்தான். ராணியம்மாள் வாசலுக்கு வந்துவிட்டாள். "மாது, உன்னால முடியுமா முடியாதா? வெளிச்சம் எறங்குது."

அப்போது காசியம்மாளின் துண்டு மாதுவின் மடியில் வந்து விழுந்தது. அவன் பிரித்தான். கறுப்புப் பிடியை ஒரு கணம் புரியாமல் பார்த்தான். கட்டைவிரலால் தள்ளினான். கத்தி திறந்து, நின்றது. சுடுதண்ணீரில் முக்கி எடுத்தான்.

"முனிராஜு, வந்து ஒக்காருங்க."

வேலை முடிந்ததும் ராணியம்மாள் மகனின் தாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. "களத்துக்கு வந்துரு மாது," என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். சலூன்காரன் பையை மூடினான். ஆனால் கிளம்பவில்லை. மாதுவின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அண்ணே, அந்தப் பிடியைக் கொஞ்சம் குடுங்க பாப்போம். என் கத்திப் பிடியும் ரெண்டு மாசமா பொளந்து, கட்டுப் போட்டுத்தான் கெடக்குது."

மாது மனைவியைப் பார்த்தான். காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சேலம் ரோட்டுல பாய் கடைன்னு கேளுங்க. ஆணியை இறுக்க வேண்டாம்னு மட்டும் மறக்காம சொல்லிருங்க."