திறக்காத பால் டின்

தாரணியின் கொள்ளுத்தாத்தா சடையப்பன், தன் மகன் பிறப்பதற்கு மூன்று வருஷம் முன்பே இறந்துபோயிருந்தார். கனடாவிலிருந்து வந்த மின்னஞ்சல் அப்படித்தான் சொன்னது.

பழைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் ஆள்பட்டியல்கள் அங்கே ஒரு காப்பகத்தில் இருந்தன. ஏழு வாரம் காத்திருந்து வாங்கிய நகல். எஸ்.எஸ். பெல்வுட், 1937. சிங்கப்பூரில் ஏறியவர்கள் வரிசையில் சடையப்பன், வயது முப்பது, கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளும் வேலை. கடைசிக் கட்டத்தில் ஒரே சொல்: இறந்தார்.

தாரணி வேதியியல் படித்தவள். முடிவு நம்பும்படி இல்லை என்றால் முதலில் மாதிரியைச் சந்தேகிக்க வேண்டும். சரிபார்த்தாள். தகப்பன் பெயர் சரி. ஊர் சரி. அடையாளம், வலது புருவத்தில் தழும்பு. வீட்டுச் சுவரில் இருந்த படத்திலும் அந்தத் தழும்பு இருந்தது. படம் எடுத்தது 1958இல்.

இந்த வேலையை அவளுக்குக் கொடுத்தவர் அப்பா அண்ணாதுரை. முப்பது வருஷமாகப் பேருந்து ஓட்டுகிறார். சிங்கப்பூரில் அதற்குப் பெயர் பஸ் கேப்டன். "எங்க தாத்தா கப்பல்காரரு, நான் கேப்டன்" என்று புதிதாகப் பார்க்கிற எவரிடமும் சொல்லிவிடுவார். தீபாவளிக்கு முந்தின நாள் படையலுக்குள் தாத்தாவின் கப்பல் பத்திரம் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்ட ஆசை.

"நீ வீட்டுல சும்மாதானே இருக்க?" என்றார்.

சும்மாதான் இருந்தாள். மெல்பர்னில் தொடங்கிய முனைவர் ஆய்வைப் பாதியில் விட்டுவிட்டு, மார்ச் மாதம் ஃபேரர் பார்க் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன காரணம் போதவில்லை. தோ பாயோவில் இருந்த மங்களம் அத்தை, அப்பாவின் அக்கா, போதுமான காரணம் வைத்திருந்தார்.

"காத்தமுத்து ரத்தம்."

காத்தமுத்து, சடையப்பனின் மனைவிக்குத் தம்பி. அவனைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்தவை இரண்டே: இடது கையில் ஆறு விரல், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். அதன் பிறகு வேலையை விட்டவர்கள், நிச்சயம் செய்த கல்யாணத்தை நிறுத்தியவர்கள், நீச்சல் வகுப்பிலிருந்து பாதியில் நின்றவர்கள் எல்லோரும் காத்தமுத்து ரத்தம். படையலில் செத்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இலை உண்டு. மொத்தம் எட்டு. அவனுக்கு இல்லை. அவன் பெயர் மட்டும் இந்த வருஷம் தாரணிக்கு வந்திருந்தது. அதோடு அத்தை வீட்டுப் படையலுக்குப் போகாமலிருக்க அவள் சாக்குத் தேடிக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தபோது கப்பலின் நாட்குறிப்பும் வந்தது. ஜூன் மாதம், செங்கடல். கொதிகலன் அறையில் சடையப்பன் வெப்பம் தாங்காமல் விழுந்து இறந்தார். மறுநாள் காலை கடலில் அடக்கம். அதற்குக் கீழே கப்பல் தலைவர் சற்று எரிச்சலோடு எழுதியிருந்தார்: இறந்தவருக்கு இடது கையில் ஆறு விரல்கள். அவருடைய பத்திரத்தில் இது இல்லை. பத்திரத்தில் உள்ள தழும்பு அவர் முகத்தில் இல்லை.

தாரணி மூன்று முறை படித்தாள். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அந்தக் காலத்தில் கப்பல் வேலைக்கு ஏற, கையேடு என்ற பத்திரம் வேண்டும். முந்தைய பயணங்கள் அதில் பதிந்திருக்கும். கையேடு இல்லாதவனை எவரும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே அண்ணனுடைய கையேட்டை, மச்சானுடைய கையேட்டை வாங்கிக்கொண்டு அந்தப் பெயரில் ஏறுவார்கள். துறைமுகத்தில் பலருக்கும் தெரிந்த விஷயம். ஏறியவன் திரும்பி வந்துவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை.

மறுநாள் தேக்கா சந்தையில் வாழையிலை வாங்க நின்றபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப பேப்பர்ல தாத்தா முப்பத்தேழுல செத்துட்டாரு."

"ஆமாப்பா."

"எங்கப்பா பொறந்தது நாப்பதுல."

"ஆமா."

"அப்ப ஃபிரேம் போட முடியாது." இலைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அக்காகிட்ட நீயே சொல்லிடு."

படையலன்று மாலை அப்பா வேலை முடிந்து சீருடையோடு நேராக தோ பாயோவுக்கு வந்தார். அத்தை மகன் ரித்திக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு இலையிலும் அவரவருக்குப் பிடித்தது. அத்தையின் அப்பாவுக்கு ஸ்டவுட் பீர் ஒரு பாட்டில். சடையப்பன் இலையில் ஆட்டுக்கறி, கறுப்புக் கோப்பி, திறக்காத பால் டின் ஒன்று.

எம்ஆர்டி ரயிலில் ஒத்திகை பார்த்த வாக்கியங்களை எல்லாம் தாரணி மறந்துவிட்டாள்.

"அத்தை, காத்தமுத்து ஓடிப்போகல."

"பின்ன, நடந்து போனானா?"

ரித்திக் சிரித்தான். தாரணி தாளை நீட்டினாள்.

"இங்கிலீசுல கோழி கிளறினாப்ல இருக்கு. நீயே படி லா."

படித்தாள். ஆறு விரல் வந்தபோது அத்தை கையிலிருந்த கரண்டி நின்றது. கையேட்டின் கதையையும் தாரணி விளக்கி முடித்தாள்.

"அப்ப சடையப்பன் தாத்தாவுக்குத் தெரியுமா?" என்று ரித்திக் கேட்டான்.

"சடையப்பன் செத்துட்டாருன்னு கம்பெனி கடுதாசி போட்டிருக்கும்" என்றாள் தாரணி. "அத சடையப்பனே வாங்கியிருப்பாரு."

"வாங்கிட்டு வாயைத் தொறக்கலையே மனுஷன்!" என்றார் அத்தை.

"தொறந்தா, கையேட்ட குடுத்ததுக்குப் புடிச்சிருப்பாங்க. பொண்டாட்டிகிட்டயும் சொல்லணும், உன் தம்பிய அனுப்புனது நான்தான்னு."

"அதான் அதுக்கப்புறம் கப்பலே ஏறலையா?" அப்பா மெதுவாகச் சொன்னார். "பூலாவ் உபின் தீவுல ஒரு கல்யாணம், படகுல ஏற மாட்டேன்னுட்டாராம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு" என்று தாரணி தாளைத் திருப்பினாள். "இறந்தவரோட சாமான் லிஸ்ட். கம்பளி ஒண்ணு. பனியன் ரெண்டு. தகரக் குவளை ஒண்ணு. டின் பால் நாலு."

எல்லோரும் சடையப்பன் இலையைப் பார்த்தார்கள்.

"அத்தை, தாத்தாவுக்குப் பால் புடிக்குமா?"

"எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு. தாத்தா உசுரோட இருந்தப்பவே படையல்ல ஒரு டின்ன ஓரமா, இலை இல்லாம வைப்பாராம். யாருக்குன்னு கேட்டா பேச்ச மாத்திடுவாராம். அவரு போனப்புறம் அவருக்குத்தான் புடிக்கும் போலன்னு அவரு இலையிலயே வச்சிட்டோம்." அத்தை நிறுத்தினார். "ஆனா குடிச்சதென்னவோ கோப்பி ஓ கோசோங். பாலும் கிடையாது, சீனியும் கிடையாது."

குக்கர் விசில் அடித்தது. அத்தை எழுந்து அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

"ரித்திக், இன்னொரு இலை போடு."

"எட்டுதானம்மா இருந்துச்சு."

அப்பா தன் பையைத் திறந்து ஓர் இலையை எடுத்தார். "கிழிஞ்சா மாத்தலாம்னு ஒண்ணு கூட வாங்குனேன்" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதிகமாக ஓர் இலை வாங்கியதாக எவருக்கும் நினைவில்லை.

கூடத்தில் இடம் இல்லை. சோபாவை நகர்த்தி ஒன்பதாவது இலையைப் போட்டார்கள். சோறும் கறியும் வைத்தார்கள். சடையப்பன் இலையிலிருந்து பால் டின்னை எடுத்து அத்தை அதில் வைத்தார். பிறகு தாரணியை ஏற இறங்கப் பார்த்தார்.

"அப்ப நீ யாரு ரத்தம்?"

கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டார்.

"தெரியல, அத்தை."

"சரி, விடு. அந்த டின்னத் தொற. இத்தன வருஷமா மூடியே வச்சா அவரு எப்படிக் குடிப்பாரு?"

டின் திறக்கும் கருவி மழுங்கியிருந்தது. தாரணி இரண்டு ஓட்டை போட்டாள். பால் கெட்டியாக, மெதுவாக ஒரு குவளையில் இறங்கியது. அத்தை சூடத்தைக் கையில் எடுத்துக்கொள்ள, குவளை நிறையும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.