பாதியில் விட்ட வாக்கியம்

கதைக்காரியிடம் ஒரு தொடர்கதை இருந்தது, அதற்கு முடிவு இல்லை. அவளுடைய தலைவலி இதுதான்.

தெருவில் எல்லோரும் அவளைக் கதைக்காரி என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வாரமாக ஒரு பத்திரிகையில் ஒரு நர்ஸின் கதையை எழுதிவந்தாள். கணவனோடு மனஸ்தாபம் ஆகி, வேறு ஊர் ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்துவிட்ட நர்ஸ். அவள் வீட்டுக்குத் திரும்புவாளா மாட்டாளா என்று வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்டார்கள். கதைக்காரிக்கே தெரியாது. தெரியாததால், எழுத உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் கால் குறுகுறுக்கும், எழுந்து போகச் சொல்லும்.

அன்று செவ்வாய்க்கிழமை. அவள் கணவர் வாசலில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடையில் வருகிறவர்களுக்குப் பார்வை சோதிப்பது அவர் வேலை.

"இன்னிக்காவது நாற்காலியில உட்காருவியா? நேத்து ஃப்ரிட்ஜைத் துடைச்சே. முந்தாநாள் ஃபேன் இறக்கையைத் துடைச்சே. வீடு பளபளன்னு இருக்கு, கதையைத்தான் காணோம்."

"யோசிச்சுக்கிட்டேதான் துடைச்சேன்."

"விடுங்கப்பா," என்றாள் கல்லூரிக்குக் கிளம்பிய மகள், பையைத் தோளில் ஏற்றியபடி. "அம்மா எழுத்தாளர் இல்ல. துடைத்தாளர்."

மூவரும் சிரித்தார்கள். கதைக்காரி கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். சுருக்கென்று தைத்ததை வேறு எப்படி மறைப்பது?

அவர்கள் போனதும் போன் அடித்தது. பத்திரிகையின் உதவி ஆசிரியர்.

"இன்னும் ரெண்டே அத்தியாயம்தான் மேடம். இந்த வியாழன் ஒண்ணு, அடுத்த வியாழன் கடைசி. நாலு மணிக்குள்ள வந்துடணும். தாமதமானா வேற ஆளை வெச்சு முடிச்சிடலாம்னு ஆசிரியர் சொல்றார்."

"என் நர்ஸை வேற ஆள் முடிக்கிறதா?"

"அதனாலதானே சொல்றேன், நீங்களே முடிச்சிடுங்கன்னு."

"இதோ, உட்கார்ந்தாச்சு," என்றாள் கதைக்காரி, நின்றுகொண்டே.

பிறகு நிஜமாகவே போய் உட்கார்ந்தாள். எழுதுகிற அறை வீட்டின் பின்பக்கம். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சந்துப் பக்கம் திறக்கும் ஜன்னல், மேஜையில் கம்ப்யூட்டர். இருபத்திரண்டு வாரமாக அந்த நர்ஸை அழவைத்து, சிரிக்கவைத்து, இவ்வளவு தூரம் கூட்டிவந்தாகிவிட்டது. யாரோ முகம் தெரியாத ஆள் நடுவில் வந்து அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போவதா? அந்த முடிவு தன் கையால்தான் எழுதப்பட வேண்டும். அதுகூட இல்லாவிட்டால் மகள் சொன்னது உண்மையாகிவிடும்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுந்து போகும்போது வாக்கியத்தை முடிக்க மாட்டாள். பாதியில் விட்டுப் போனால் திரும்பி வந்ததும் மீதியை எழுத ஆசை வரும் என்பது கணக்கு. ஒரு நாளைக்கு இரண்டு தடவை எழுந்தால் சரியான கணக்குத்தான். இவள் பதினேழு தடவை எழுந்துவிடுவாள்.

"நர்ஸ் மூன்றாவது மாடியின் கடைசி அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே" என்று எழுதினாள். தண்ணீர் பாட்டிலுக்குள் பாசி பிடித்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. எழுந்து போய்ப் பிரஷ் போட்டுக் கழுவினாள். கழுவியதற்கு ஒரு டீ. டீயோடு கைப்பேசியில் பூனைகள் சண்டை போடும் படம் மூன்று. திரும்பி வந்தபோது வாக்கியம் இப்படி இருந்தது:

"நர்ஸ் மூன்றாவது மாடியின் கடைசி அறைக் கதவைத் திறந்தபோது உள்ளே யாரும் இல்லை. ஆனால் யாரோ இவ்வளவு நேரம் அவளுக்காகக் காத்திருந்து அலுத்துப்போன அறை மாதிரி இருந்தது அது."

நல்ல வாக்கியம். நானேதான் எழுதியிருப்பேன், எழுதிவிட்டு மறந்திருப்பேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த வாக்கியத்தையும் பாதி எழுதி, பூண்டு உரிக்கப் போனாள். வந்து பார்த்தால் ஒரு பத்தி.

வாசல் கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. படுக்கையறைக் கட்டிலுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். அங்கே மகளின் ஒற்றைச் செருப்பு மட்டும் கிடந்தது.

பயந்த மனுஷி என்ன செய்ய வேண்டும்? வீட்டைவிட்டு ஓட வேண்டும். கதைக்காரி என்ன செய்தாள் தெரியுமா? "அவள் அந்தக் கட்டிலை நோக்கி" என்று இன்னொரு பாதியை எழுதிவைத்துவிட்டு, துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனாள்.

இரண்டு பக்கம்.

புதன்கிழமை அவள் செய்யாத வேலை இல்லை. பொத்தான்களை நிறவாரியாகப் பிரித்தாள். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் விளைந்தது. நடுவில் ஒருமுறை நடையில் வரும்போது, சாத்திய அறைக்குள் கம்ப்யூட்டர் விசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. நிதானமான, நிற்காத சத்தம். கைப்பிடியில் கை வைத்தாள். உள்ளே போனால் அது நின்றுவிடும் என்று தோன்றியது. எழுதுகிற ஆளை எதற்குக் கெடுப்பானேன்? இன்னொரு டீ குடித்துவிட்டு வரலாம் என்று சமையலறைக்கே திரும்பினாள்.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கே அத்தியாயம் போய்ச் சேர்ந்தது.

"இப்பத்தான் மேடம் கதை சூடு பிடிச்சிருக்கு," என்றார் உதவி ஆசிரியர். "வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு."

அவர் பாராட்டாகத்தான் சொன்னார். கதைக்காரிக்கு அது வேறு மாதிரி கேட்டது. யாரிடம் சொல்வது? சொன்னால், எழுதியது நான் இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மகள் பதினொரு மணிக்கே வந்துவிட்டாள். வகுப்பு ரத்து. கதைக்காரி மாடியிலிருந்து காய்ந்த துணியோடு இறங்கியபோது மகள் கூடத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் வாய் நின்றது.

"நீ எப்பம்மா மாடிக்குப் போனே?"

"அரை மணி நேரமா அங்கதான் இருக்கேன். ஏன்டி?"

"விளையாடாதே. இப்பத்தானே உள்ள எழுதிட்டு இருந்தே? பசிக்குதும்மான்னேன். திரும்பிக்கூடப் பார்க்காம, டப்பாவுல பிஸ்கட் இருக்குன்னே."

"நான் சொன்னேனா?"

"நல்லா எழுதினா மறதி வரும்போல." மகள் அவளை நெருங்கி வந்து கன்னத்தைக் கிள்ளினாள். "ஆனா பார்க்க நல்லா இருந்துச்சும்மா. அசையாம உட்கார்ந்து, நிஜ எழுத்தாளர் மாதிரி."

கதைக்காரி துணிமூட்டையைச் சோபாவில் போட்டுவிட்டு அறைக்கு ஓடினாள். நாற்காலி காலி. திரையில் கடைசி அத்தியாயம் பாதிக்கு மேல் வளர்ந்திருந்தது. நர்ஸ் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தக் காலி அறையிலேயே தங்கிவிட்டாள், கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. கடைசி வரி:

"வெளியே யார் கூப்பிட்டாலும் இனி"

அவ்வளவுதான். பாதியில் நின்றது.

அந்தப் பாதியை அவள் விட்டுப் போகவில்லை. அவள் எழுதிவிட்டுப் போனது வேறு வாக்கியம். அப்படியானால் இந்தப் பாதியை விட்டுவிட்டு எழுந்தது யார்? எழுந்து எங்கே போனது?

சமையலறையில் தட்டு ஒன்று மெல்ல ஒலித்தது. மகள்தான் என்று நினைத்துத் திரும்பினாள். மகள் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை முழுக்கப் பயப்படுவதிலேயே போயிற்று. அதுவும் ஒரு வேலைதானே. வியாழன் காலை, வீடு காலியானதும், கதைக்காரி கைப்பேசியைக் கூடத்து அலமாரியில் வைத்தாள். அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். தான் எழுதாத அத்தனை பக்கத்தையும் அழித்தாள். நல்ல பக்கங்கள் அவை. நாலு மணிக்குள் முழு அத்தியாயமும் என் கையால் வரும், முடியும்வரை இந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

முதல் ஒரு மணி நேரம் நரகம். தாகம் எடுத்தது. நகம் வளர்ந்திருப்பது கண்ணில் பட்டது. குளியலறைக் குழாய் சொட்டியது. சரியாக மூடாமல் வந்துவிட்டேன், போய் மூடிவிட்டு வந்தால் என்ன? பிருஷ்டம் பாதி எழும்பிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

குழாய் சொட்டுவது நின்றது. யாரோ திருகி மூடிய கிரீச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

நடையில் செருப்பில்லாத காலடி. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம். பிறகு டீக்குத் தண்ணீர் கொதிப்பது. பூனைகள் சண்டை போடும் சத்தம் கைப்பேசியிலிருந்து, அதைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும். நாற்பத்தாறு வருஷமாகச் சிரித்துவருகிற சிரிப்பு.

போன் அடித்தது. வெளியே யாரோ எடுத்தார்கள்.

"இதோ, எழுதிட்டே இருக்கேன் சார்," என்றது அவளுடைய குரல். "நாலு மணிக்கு வந்துடும்."

கத்தலாமா என்று பார்த்தாள். கத்தினால் அது இங்கே வரும். இதுவரை நடந்ததெல்லாம் அப்போதுதான் உறைத்தது. அவள் ஒவ்வொரு தடவை கதவைத் திறந்தபோதும் நாற்காலியில் இருந்தது இல்லாமல் போயிற்று. எங்கும் போனதாகத் தடயம் இல்லை, அப்படியே மறைந்துபோயிருந்தது. இப்போது நாற்காலியில் இருப்பது அவள். வெளியே இருப்பது வந்து கதவைத் திறந்தால்?

விரல்கள் விசைகளுக்குப் போயின. எழுதினாள். பயத்தில் எழுதுகிறவர்களுக்கு வார்த்தை தேட நேரமில்லை. நர்ஸ் ஏன் வீட்டைவிட்டு வந்தாள் என்று இருபத்து மூன்று வாரத்தில் முதல்முறையாக அவளுக்குப் புரிந்தது. அவள் இல்லாமலே அந்த வீடு நன்றாக நடந்ததுதான் காரணம். புரிந்ததும் முடிவும் வந்தது. நர்ஸ் திரும்பிப் போகிறாள். தெருமுனையில் நின்று, தன் வீட்டு ஜன்னலில் விளக்கு எரிவதைப் பார்க்கிறாள். பிறகு போய்க் கதவைத் தட்டுகிறாள். எழுதும்போது கண்ணீர் மூக்கு நுனிவரை வந்தது, துடைக்கக் கையில்லை.

மூன்றரைக்கு மகள் வந்தாள். அப்பாவும் கூட வந்திருந்தார், கடையில் அரை நாள்.

"என்னம்மா, வாசலிலேயே நிக்கறே? எழுதலையா?"

"எழுதிட்டு இருக்கேன். சும்மா கால் நீட்ட வந்தேன்," என்றது வெளியே இருந்த குரல்.

"பார்த்தீங்களாப்பா? துடைத்தாளர் திரும்பி வந்தாச்சு."

"விடும்மா, பாவம்," என்றார் கணவர். "இந்தக் கலகலப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. போன வாரம் முழுக்க யாரோ வேத்தாள் வீட்டுல இருந்த மாதிரி இருந்துச்சு."

மூவரும் சிரித்தார்கள். கதைக்காரி உள்ளே அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே கடைசி வரியை எழுதினாள். பாதியில் விடவில்லை. முற்றுப்புள்ளி வைத்தாள். கீழே தன் பெயரைப் போட்டாள், அனுப்பினாள். மணி மூன்று ஐம்பத்தெட்டு. நர்ஸ் கடைசிவரை அவளுடையவளாகவே இருந்தாள்.

அறை நிசப்தமாயிற்று. எழுந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் அவர்களை. எழ முயன்றாள். கால் அசையவில்லை. கால் இருக்கிறது என்பதே நிச்சயமாகத் தெரியவில்லை.

"சத்தத்தையே காணோம், முடிஞ்சுதான்னு பார்த்துட்டு வரேன்," என்றது வெளியே அவள் குரல், தனக்குத்தானே முணுமுணுப்பதுபோல. காலடி நடையில் நெருங்கியது. கதவருகில் நின்றது. கைப்பிடி மெல்லக் கீழே இறங்கியது.

அந்தக் கைப்பிடியில் கை வைத்திருப்பவளை உலகத்தில் இவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

கதைக்காரி புதுப் பக்கத்தைத் திறந்தாள். என்ன கதை, யார் கதை, எதுவும் தெரியாது. "அந்த வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்" என்று தொடங்கி, விசைகளைப் படபடவென்று தட்டினாள்.

கைப்பிடி பாதியில் நின்றது. ஒரு மூச்சு நேரம் வெளியே யோசனை. பிறகு கைப்பிடி மேலே போயிற்று.

"ஓ, இன்னும் நடக்குதா," என்றது குரல், நிம்மதியாக. "ஒரு டீ குடிச்சுட்டே வரலாம்."

காலடி விலகிப் போயிற்று. சமையலறையில் அடுப்பு பற்றியது. மகள் ஏதோ சொன்னாள், கணவர் சிரித்தார். கதைக்காரி தலை நிமிராமல் அடுத்த வாக்கியத்துக்குப் போனாள், அதற்கடுத்த வாக்கியத்துக்கும்.