விரிசல் விடாத ரொட்டி

நசீப் கௌர் தட்டுகிற மக்காச்சோள ரொட்டி உடையாது. பஞ்சாபில் லூதியானா பக்கத்தில் அவர்கள் ஊர் முழுக்க இது தெரிந்த சங்கதி. மக்காச்சோள மாவுக்குப் பிடிமானம் ஏது? தட்டத் தட்ட ஓரம் பிளக்கும், கல்லில் போடப் போனால் பாதி கையோடு வந்துவிடும். நசீபின் ரொட்டி மட்டும் வட்டம் கலையாமல் உப்பி எழும். சூட்சுமம் பெரிதாக ஒன்றுமில்லை. பிசையும்போது ஒரு பிடி கோதுமை மாவைச் சேர்த்துவிடுவாள். ஊரில் பாதிப் பெண்கள் செய்கிற வேலைதான் அது, வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள்.

நசீபுக்குப் பிள்ளை இல்லை. கொழுந்தனின் மகள் கீரத்தைத்தான் தூக்கி வளர்த்தாள். பதினோரு வயதாகியும் எட்டு வயசு உயரத்திலேயே நின்றுவிட்ட அந்தப் பெண்ணுக்குச் சீலியாக் என்ற நோய், கோதுமையே ஆகாது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னபோது நசீப் சிரித்தேவிட்டாள்.

“கோதுமை ஆகாதாமா? நாட்டுக்கே நாமதான் கோதுமை போடுறோம், நம்ம வீட்டுப் புள்ளைக்கு ஆகாதாம்! நல்ல கூத்தா இருக்கே.”

“குடல்ல புண்ணாயிருக்காம் அக்கா. ஒரு துணுக்குகூட உள்ள போகக் கூடாதாம்” என்றாள் கீரத்தின் அம்மா சரப்ஜித். “இப்ப நிறுத்தினாதான் வளருவாளாம். எலும்பு முத்திடுச்சுன்னா அவ்வளவுதானாம்.”

“எல்லாம் பணக்காரங்க கண்டுபிடிச்ச பத்தியம். நீயும் நம்பு போ.”

வாய் அப்படிப் பேசினாலும் முதல் நாலு மாதம் ஒழுங்காகத்தான் இருந்தாள். கீரத்துக்குத் தனிக் கல், தனி டப்பா. ரொட்டி உடைந்து உடைந்து வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். கதவு நிலையில் கீரத் தன் உயரத்துக்குப் போட்டு வைத்திருந்த கரிக்கோடு ஒரு விரற்கடை ஏறியது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குருத்வாராவில், நெய் சொட்டச் சொட்ட கோதுமை மாவில் கிளறிய பிரசாதத்தை நீட்டியபோது, கீரத் கையேந்தாமல் கும்பிட்டு நகர்ந்துவிட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரி ஒருத்தி சும்மா இருப்பாளா?

“குருவோட பிரசாதத்தையே வேண்டாங்குது. பெரியம்மா வளர்த்த லட்சணம் அப்படி!”

நசீபுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மறுநாள் மாவு பிசையும்போது அவள் கை தானாகப் பக்கத்து டப்பாவுக்குள் போனது. தானாக என்ன, வேண்டுமென்றேதான். ஒரு பிடி என்ன செய்துவிடும்? ஆறு மாதம் போகட்டும், ‘இத்தனை நாள் தின்னாளே, செத்தா போயிட்டா?’ என்று எல்லாரையும் நிற்க வைத்துக் கேட்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

“ஐ, பெரியம்மா! இன்னைக்கு உடையவே இல்ல!” என்று கைதட்டினாள் கீரத்.

கல்யாண வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் அந்தப் பிள்ளை பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாது. கேட்டவர்களிடம் எல்லாம், “எங்க பெரியம்மா ரொட்டி மட்டும்தான் நான் பயப்படாம சாப்பிடுவேன்” என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. அதைக் கேட்டு நசீபுக்குப் பெருமை பிடிபடவில்லை. கரிக்கோடு மட்டும் இருந்த இடத்திலேயே நின்றது. நசீப் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

ஆறாம் மாதம் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் முகம் சுளித்தார். குடல் திரும்பவும் கெட்டிருக்கிறது, எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சரப்ஜித் மகளைப் பிடித்துக்கொண்டாள். “ஸ்கூல்ல பிஸ்கட் திங்கிறியா? உண்மையைச் சொல்லுடி!”

“சத்தியமா இல்லம்மா.”

“பொய் வேற சொல்றியா?” பளாரென்று ஓர் அறை.

கீரத் ஓடிவந்து நசீபின் துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “நீங்களாவது சொல்லுங்க பெரியம்மா, நான் திங்கல.”

நான்தான் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல என்ன கேடு அவளுக்கு? கோதுமையை அள்ளிப் போட்ட அதே கையால் பிள்ளையின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாள் டப்பாவைக் கழுவிக் காயவைத்து, வெறும் மக்காச்சோள மாவில் தட்டினாள். தட்டில் விழுந்தபோதே ரொட்டி மூன்றாகப் போயிருந்தது.

“உடைஞ்சிருக்கு பெரியம்மா.”

“கைப்பழக்கம் போச்சுடி கண்ணு. வயசாகுதில்ல?”

கீரத் மூன்று துண்டுகளையும் ஒட்ட வைத்துப் பார்த்தாள். முன்பு நாலு மாதம் இப்படித்தான் உடைந்தது, அப்புறம் ஆறு மாதம் உடையவில்லை. பதினோரு வயசுப் பிள்ளைக்கு அது புரியாதா?

“அப்போ இவ்வளவு நாளா உடையலையே?” என்றாள் நிமிராமல்.

“ஒரு பிடிதான்டி” என்றாள் நசீப். “ஒரே ஒரு பிடிதான் போட்டேன்.”

பின்னால் மோர்ச் செம்போடு வந்த சரப்ஜித் அப்படியே நின்றுவிட்டாள். கத்துவாள் என்று நசீப் காத்திருந்தாள், கத்தியிருந்தால் தேவலை. “என் புள்ளைய நான் அடிச்சேனே அக்கா” என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கரிக்கோடு ஏறியிருக்கிறது. போன அந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது, டாக்டரும் அதைத்தான் சொன்னார். கீரத்துக்குக் கோபம் என்று ஒன்றும் இல்லை. பெரியம்மாவுக்குக் கால் வலித்தால் பிடித்துவிடுவாள், பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்வாள்.

போன வாரம் நசீபுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, மூன்று தடவை கை கழுவி, புதுப் பொட்டலத்தைப் பிரித்துப் பிசைந்து, சுட்டு நீட்டினாள். ரொட்டி பொலபொலவென்று உதிர்ந்தது.

“பாருடி, உன் கண்ணு முன்னாடிதான் பிசைஞ்சேன். ஒரு வாய் தின்னு.”

“தெரியும் பெரியம்மா” என்று சிரித்தாள் கீரத். “வயிறு நெறைஞ்சிருக்கு.”

நசீப் தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே கீரத் தன் டப்பாவைத் திறந்து, தனக்கு மட்டும் மாவு பிசைகிற சத்தம் கேட்டது.