இரண்டு இடது கை ஜோடி ஆகாது

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஒரு கப்பல் கம்பெனியில் ஸ்பானிஷ் பேசத் தெரிந்தவர்களுக்கு வேலை. வாய்மொழித் தேர்வு, ஆளுக்கு இரண்டே வாய்ப்பு. முதல் தடவை நான் பதினான்கு முறை ‘புவேனோ’ (நல்லது) என்றேனாம். தேர்வாளர் எண்ணியிருக்கிறார். தாளில் “சொல் வறுமை” என்று எழுதி அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் எல்லா வறுமையும் இருந்திருக்கிறது ஐயா, அது ஒன்றைத் தவிர. காலையில் பத்து நிமிஷம் கூடுதலாகத் தூங்கினால் அம்மா ஒரே மூச்சில் சொல்வாள்: சோம்பேறி, தண்டம், தூங்குமூஞ்சி, உருப்படாதது, கும்பகர்ணி.* ஒரு சொல் இரண்டாம் முறை வராது.

* அகராதியில் தேடாதீர்கள். அம்மாவின் சொந்தத் தயாரிப்பு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மழை ஓய்ந்த மாலையில், சன்னலோரம் அமர்ந்து அவள் ஸ்பானிஷ் மொழியின் இனிமையை—”

தூ. எங்கள் சன்னலோரத்தில் துணி மூட்டை இருக்கிறது. உட்கார இடமில்லை.

அடுத்து: “குடும்பத்தின் முதல் பட்டதாரியான நான்—” வேண்டாம். கைதட்டல் கேட்கிற வாக்கியம்.

நேராகவே சொல்கிறேன். இரண்டாவது வாய்ப்புக்காக இருநூற்று நாற்பது அட்டைகள் எழுதினேன். ஒரு பக்கம் ஸ்பானிஷ் சொல், மறுபக்கம் தமிழில் பொருள். ஒரே பொருள் தருபவை ஒரு கட்டு: அலேக்ரே, கொந்தெந்தா, ஃபெலீஸ், மூன்றும் மகிழ்ச்சி. எதிர்ச்சொற்கள் வேறு டப்பாவில்.

தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அம்மா எனக்கு உதவி செய்துவிட்டாள்.

அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக இடதையும் வலதையும் ஜோடி சேர்த்து நூலால் கட்டுகிறாள்.

3

“என்னம்மா பண்ணி வச்சிருக்க?”

“எல்லாத்தையும் தப்பா கட்டி வச்சிருந்தடி. ஒரே கட்டுல மூணு மகிழ்ச்சி! ரெண்டு இடது கை ஒண்ணா போச்சுன்னா சூப்பர்வைசர் மூஞ்சியில விட்டெறிவான். அதான் ஒரு மகிழ்ச்சிக்கு ஒரு சோகத்தச் சேர்த்துக் கட்டிட்டேன்.”

“மிச்ச மகிழ்ச்சி எங்க?”

“குப்பைப் பையில.”

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதி அடித்துவிட்டேன். “படிச்ச திமிரு” என்றாள் அவள். கட்டுகளைப் பிரிக்கப் பார்த்தேன். தொழிற்சாலை முடிச்சு, இழுத்தால் அட்டைதான் கிழிந்தது.

வேறு வழியில்லாமல் கட்டோடு கட்டாகப் படித்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்பாள்.

“சோம்பேறி?”

“பெரெசோசா.”

“அதோட ஜோடி?”

“த்ரபஹதோரா. உழைப்பாளி.”

“ஆங், அது நான். முன்னாடி சொன்னது நீ. அடுத்தது!”

4

[இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது: இப்படி ஒரு அம்மாவை யார் நம்புவார்கள்? அவளிடமே படித்துக் காட்டினேன். நம்புவது பற்றி அவளுக்குக் கவலையில்லை.

“குப்பைப் பைன்னு ஏன்டி எழுதின? மிச்சப் பை. ஜோடி கிடைக்காதத அதுல போடுவோம், கிடைச்சா எடுத்துப்போம். இருபத்திரண்டு வருஷத்துல ஒண்ணக்கூட நான் குப்பையில போட்டதில்ல. மாத்து.”

மாற்றவில்லை. கோபத்தில் எழுதியது அப்படியே இருக்கட்டும். ஆனால் தேர்வுக்கு முந்தின இரவே மிச்சப் பையைத் திறந்து, அதில் இருந்ததையும் படித்தேன்.]

5

அதே தேர்வாளர். அதே பேனா.

“உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பற்றி மூன்று நிமிஷம் பேசுங்கள்.”

வாயைத் திறந்தேன். ஒரு சொல்கூடத் தனியாக வரவில்லை. முடிச்சுப் போட்டதுபோல ஜோடியையும் இழுத்துக்கொண்டு வந்தது. என் அம்மா த்ரிஸ்தே (சோகம்) இல்லை, அலேக்ரே. பெரெசோசா இல்லை, த்ரபஹதோரா. கோபார்தே (கோழை) இல்லை, பலியென்தே (தைரியசாலி). கய்யாதா (அமைதி) இல்லவே இல்லை, அப்லதோரா (வாயாடி)! பிறகு மிச்சப் பையும் அவிழ்ந்தது: கொந்தெந்தா, ஃபெலீஸ், இன்னும் என்னென்னவோ.

மணி அடித்தது. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் அம்மாவுக்கு ஸ்பானிஷ் தெரியுமா?”

“தெரியாது. ஆனால் தப்பு கண்டுபிடிப்பார்.”

6

முடிவு இன்று காலை வந்துவிட்டது.

(அ) தேறிவிட்டேன். கப்பல் கம்பெனியில் எனக்கு ஒரு நாற்காலி.

(ஆ) தேறவில்லை. ஒரு மொழி மட்டும் மிச்சம். அதை யாரும் திருப்பி வாங்க முடியாது.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவதில்லை. அம்மாவுக்குத் தெரியும் முன் உங்களுக்குத் தெரிவதில் என்ன நியாயம்?

இந்தக் கடைசிப் பத்தியைத் தொழிற்சாலை வாசலில் நின்று எழுதுகிறேன். சங்கு ஊதுகிறது. பெண்கள் கூட்டமாக வெளியே வருகிறார்கள். அம்மா தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் கத்துகிறாள்:

“என்னடி ஆச்சு?”

பேனாவை மூடுகிறேன். மீதியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் ஓட வேண்டும்.