ஹாரன் இல்லாமல் போன வேன்

வண்டிகளைக் குளிர வைப்பதுதான் ஏசிக்காரரின் தொழில். அவர் தலை மட்டும் எப்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். "இருக்கிற குளிர்ச்சியை எல்லாம் வண்டிக்கே ஊத்திட்டாரு, தனக்குன்னு ஒரு சொட்டுகூட வச்சுக்கலை" என்று பக்கத்துக் கடை டயர்க்காரர் சொல்வார். சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார், கையில் ஸ்பேனர் இருக்கிற மனிதராயிற்றே.

அந்தக் கொதிப்பில் பாதி மருமகனுக்கென்றே ஒதுக்கி வைத்தது. மகளைக் கட்டியவன் குடிகாரன் இல்லை, சோம்பேறி இல்லை, சொந்தமாக வேன் வைத்து ஓட்டுகிறவன். ஆனால் பேசமாட்டான். கேட்டால் பதில், இல்லாவிட்டால் சிரிப்பு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, இது எங்கே பிழைக்கப் போகிறது என்று மாமனாருக்கு ஆற்றாமை. அவன் ராத்திரியெல்லாம் ஊர் ஊராகச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓட, மகள் வீட்டில் தாழ்ப்பாளை நாலு தரம் சரிபார்த்துவிட்டுத் தனியாகப் படுக்கிறாள். அதுவும் அவனுடைய வாயில்லாத குற்றம்தான் என்று அவர் கணக்கு.

அன்று காலையில் பட்டறைக்கு முன்னால் அந்த வேன் வந்து நின்றது. மருமகன் இறங்கினான், பின்னாலேயே மகளும் இறங்கினாள். மருமகன் துவைத்துத் தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக இருந்தான். வண்டியும் குளித்துவிட்டு வந்தது மாதிரி பளபளவென்று இருந்தது.

"அப்பா, ஏசி வேலை செய்ய மாட்டேங்குது" என்றாள் மகள். "இன்னைக்குப் போயி இப்படி ஆகணுமா!"

விஷயம் இதுதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வயதான நோயாளிகளை வீட்டிலிருந்து கூட்டி வந்து, சிகிச்சை முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய் விட ஒரு வேன் தேடிக்கொண்டிருந்தார்கள். தினமும் பகல் வேலை. மத்தியானம் வண்டியைக் கொண்டு வா, பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். கிடைத்துவிட்டால் இனி மருமகன் பொழுது சாய்ந்தால் வீட்டில் இருப்பான். மகள் நிம்மதியாகத் தூங்குவாள். ஏசி இல்லாத வண்டிக்கு அங்கே வாசலிலேயே கும்பிடு.

"எப்பலேருந்து?" என்றார் ஏசிக்காரர்.

"தெரியல மாமா. சரக்குக்கு எதுக்கு ஏசின்னு நான் போடறதே இல்ல. இன்னைக்குக் காலைலதான் போட்டுப் பார்த்தேன். காத்து வருது, குளிர் வரல."

"போடறதே இல்லையா? நல்லாருக்கு மாப்பிள்ளை! வீட்டுல பொண்டாட்டி இருக்காளான்னும் இப்படித்தான் மாசத்துக்கு ஒருக்காப் பார்ப்பீங்களா?"

டயர்க்காரர் சிரித்தார். மருமகனும் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை.

ஏசிக்காரர் பானெட்டைத் தூக்கினார். வேலை என்று வந்துவிட்டால் மனிதர் வேறு ஆள், கை பேசும். பட்டனை அழுத்தச் சொல்லிக் காது கொடுத்தார், கம்ப்ரசரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மீட்டரை மாட்டி காஸைப் பார்த்தார், நிறைய இருந்தது. ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டினார், உள்ளே கம்பி முழுசாக இருந்தது. பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை இழுத்து நேராகக் கம்ப்ரசரில் தொட்டார். 'டக்' என்று ஒட்டிச் சுற்றியது.

"கம்ப்ரசர் சிங்கம் மாதிரி இருக்கு. கரண்டுதான் வரல. எவனோ நடுவுல கைய வச்சிருக்கான்" என்றார். குரல் ஏறிவிட்டது. "யாருகிட்ட மாப்பிள்ளை காட்டினீங்க? ஊருல இருக்கிற வண்டியெல்லாம் எங்கிட்ட வருது, எம் பொண்ணு வீட்டு வண்டி கண்டவன் பட்டறைக்குப் போகுதா?"

"இல்ல மாமா, யாருகிட்டயும்..."

"சும்மா இருங்க. பொய் சொல்றதுக்கும் ஒரு வாய் வேணும்."

தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். ஏசிக்காரருக்குக் கூட்டம் சேர்ந்தால் சுதி சேர்ந்த மாதிரி. ஓரத்தில் இருந்த ரிலே பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார். பட்டனை அழுத்தினால் கம்ப்ரசருக்குக் கரண்டைத் தள்ளிவிடுகிற ரிலே அங்கேதான் இருக்க வேண்டும். தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு டப்பா.

குழி காலியாக இருந்தது.

"பார்த்தியா! பார்த்தியாம்மா!" என்று மகளைக் கூப்பிட்டார். "ரிலேயையே உருவிட்டான். உருவுறவரைக்கும் உம் புருஷன் பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்திருக்காரு. இதக்கூடக் கவனிக்காதவருக்கு எதுக்கு வண்டி? மாட்டு வண்டி போதுமே, மாட்டையாச்சும் உருவ முடியாது!"

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது. அந்தக் குழியை அவர் கை அறிந்திருந்தது. போன வாரம் மகளும் மருமகனும் சாப்பிட வந்திருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடை முதலாளி, பெரிய வாடிக்கை, காரில் ஏசி வரவில்லை என்று வந்து நின்றார். ரிலேதான் போயிருக்கிறது. கையில் புது ரிலே இல்லை. "மாப்பிள்ளை, சாவியைக் குடுங்க, பானெட்டைத் திறக்கணும்" என்று வாங்கி, இந்த வேனிலிருந்து பிடுங்கி அந்தக் காரில் குத்திப் பார்த்தார். கார் குளிர்ந்தது. முதலாளி அவசரமாகக் கிளம்பினார். இப்படி ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றில் குத்திப் பார்ப்பது பட்டறைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். மறக்காமல் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. சாயங்காலம் புதிது வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததோடு சரி.

அவர் மெல்ல நிமிர்ந்தார். மருமகன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவரைப் பார்த்தான். சாவி கொடுத்தவன் அவன்தானே. அவனுக்கும் இப்போதுதான் புரிந்திருக்கிறது என்று ஏசிக்காரருக்குப் புரிந்தது. இதோ சொல்லப் போகிறான். இத்தனை பேருக்கு முன்னால் சொல்லட்டும், நியாயம்தானே என்று ஒரு மனம். சொல்லாதே, சொல்லாதே என்று இன்னொரு மனம்.

மருமகன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆமா மாமா" என்றான். "வழியில ஒரு பட்டறையில காட்டினேன். தப்புதான்."

"எங்கப்பா இருக்கும்போது உங்களுக்கு எதுக்குங்க இன்னொருத்தன்?" என்று மகள் பிடித்துக்கொண்டாள். "அவர் திட்டுறதுல என்ன தப்பு?"

டயர்க்காரர், "விடும்மா, சின்ன வயசு" என்று பெரிய மனுஷராகச் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. மறைத்தவன் மருமகன், சோறு ஏசிக்காரருடைய இலையில். அவர் அதை எடுத்துக்கொண்டார். கூசியது, ஆனாலும் எடுத்துக்கொண்டார்.

அடுத்த தெருவிலேயே உதிரிபாகக் கடை இருக்கிறது. அரை மணி பொறுத்தால் திறந்துவிடுவான். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் கிடந்தது. ஆனால் அந்த வேன் தன் கண் முன்னால் அரை மணி நேரம் நிற்பதை அவரால் தாங்க முடியாது. அந்த வண்டியில் ஹாரனுக்கும் அதே ரிலேதான். ஹாரனிலிருந்து பிடுங்கி ஏசிக் குழியில் குத்தினார். ஏசி உயிர் பெற்றது, ஜில்லென்று காற்று வந்தது. மகள் கையை நீட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"ஹாரன் அடிக்காது. பார்த்து ஓட்டுங்க. சாயங்காலம் புதுசு போட்டுக்கலாம்" என்றார், மருமகன் முகத்தைப் பார்க்காமல். "கிளம்புங்க, கிளம்புங்க. அவங்க ஏசியத்தான் பார்ப்பாங்க."

அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் யாரையும் திட்டவில்லை. டயர்க்காரர் உடம்புக்கு என்ன என்று இரண்டு முறை விசாரித்தார்.

பொழுது சாயும் நேரத்தில் புது ரிலேயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். வாசலிலேயே மகளின் குரல் கேட்டது.

"ஏசி நல்லாருக்குன்னு சொன்னவங்க ஹாரனை ஏன் அமுக்கினாங்க? அடிக்கல. ஹாரன்கூட இல்லாத வண்டியில நோயாளிய எப்படி ஏத்தறதுன்னு அடுத்த வண்டியக் கூப்பிட்டுட்டாங்க. எல்லாம் உங்களால. கண்டவன்கிட்ட வண்டியக் குடுத்ததால வந்தது!"

மருமகன் சுவரோரம் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமனாரைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான். அந்த நாற்காலி சத்தம் ஏசிக்காரரின் நெஞ்சில் இழுபட்டது.

"அவரைத் திட்டாதம்மா" என்றார். "ரிலேயை எடுத்தது நான்தான். போன வாரம் நீங்க சாப்பிட வந்தப்போ இன்னொரு காருக்குக் கழட்டிப் போட்டேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

சொல்லிவிட்டார். பாரம் இறங்கும் என்று எதிர்பார்த்தார். மகள் அவரைக் கண் கலங்கப் பார்த்தாள்.

"போதும்ப்பா. இவரைக் காப்பாத்த நீங்க ஏன் பழிய ஏத்துக்கறீங்க? கோவக்காரர்னு ஊரே சொல்லுது, உங்க மனசு எனக்குத்தான் தெரியும்." புருஷன் பக்கம் திரும்பினாள். "பார்த்தீங்களா? நீங்க பண்ணின தப்புக்கு எங்கப்பா தலையக் குனியறாரு!"

ஏசிக்காரருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செய்த தப்புக்கு மேல் செய்யாத பெருந்தன்மை வேறு வந்து ஏறிக்கொண்டது. "நெசமாத்தான்மா சொல்றேன்" என்றார். அவள் நம்பவில்லை. "விடுங்க மாமா, முடிஞ்சு போச்சு" என்று மருமகன் மெதுவாகச் சொன்னான். அந்த மெதுவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

போனை எடுத்தார். மருந்துக்கடை முதலாளியைக் கூப்பிட்டார். மகள் காதில் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு நாற்காலிக் கையில் வைத்தார்.

"முதலாளி, போன வாரம் உங்க கார்ல ஒரு ரிலே போட்டேனே, அது எந்த வண்டியிலேருந்து எடுத்ததுன்னு கொஞ்சம் சொல்லுங்க."

"இது என்னய்யா கேள்வி? உங்க மருமகன் வேன்லேருந்துதானே எடுத்தீங்க?"

மகள் போன் பக்கம் திரும்பினாள். ஏசிக்காரர் போதும் என்று போனுக்குக் கையை நீட்டினார். ஆனால் முதலாளி நல்ல மனநிலையில் இருந்தார்.

"நான்கூடக் கேட்டேனே, உங்க மருமகன் ஒண்ணும் சொல்ல மாட்டாரான்னு. நீங்கதானே சிரிச்சீங்க? 'அவன் வாயில்லாப் பூச்சி முதலாளி, போட்டிருக்கிற சட்டையக் கழட்டினாலும் ஏன்னு கேக்க மாட்டான். எம் பொண்ணு தலையெழுத்து'ன்னு சொன்னீங்க. அதுக்கு என்ன இப்போ? கேட்டுட்டாரா?"

ஏசிக்காரரின் விரல் பட்டனைத் தேடித் தேடி, கடைசியில்தான் கண்டுபிடித்தது. நுணலும் தன் வாயால் கெடும். தான் அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. அப்படிச் சொல்வது அவருக்கு அவ்வளவு சாதாரணம்.

மகள் அப்பாவைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்குக் காலையிலயே தெரியுமா?" என்று கேட்டாள். அவன் லேசாகத் தலையசைத்தான். அவள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சட்டைப் பையிலிருந்து ரிலேயை எடுத்து நீட்ட வேண்டும் என்று ஏசிக்காரர் நினைத்தார். கை வரவில்லை. எழுந்து போகலாம் என்றால் கால் வரவில்லை. இந்த ஒரு தடவையாவது அவன் வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டினால், அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடலாம் போலிருந்தது.

மருமகன் உள்ளே போனான். தட்டில் சாப்பாடு போட்டுக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தான்.

"ஆறிடப் போகுது, சாப்பிடுங்க மாமா" என்றான்.

ஏசிக்காரர் சாப்பிட்டார்.