நடுவில் நின்ற குமிழி

அபாய மணி அலறிய அலறலில் அவள் கையிலிருந்த டீ மேசையெல்லாம் சிந்தியது. எரிமலைக் கண்காணிப்பு அறையின் திரையில் அதிர்வுக்கோடு பேயாட்டம் ஆடியது. விடிந்ததிலிருந்து இது நாற்பதாவது அதிர்வு.

"சார், மலை பொங்கப்போகுது. ஆறு ஊரையும் இப்பவே காலி பண்ணணும்," என்றாள் இயக்குநரிடம்.

"சாய்வுமானி என்ன சொல்லுது?"

அவள் சாய்வுமானியின் அளவுகளைத் திரையில் திறந்தாள். மலைக்குள்ளே எரிமலைக்குழம்பு ஏறினால் தரை வீங்கிச் சாயும். அந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். பழைய கருவி, நாளுக்கு ஒருமுறை காலை ஏழு மணிக்குத்தான் அளவு அனுப்பும். மூன்று வாரமாக அதில் இம்மியும் மாற்றமில்லை.

"போன வருஷம் நீங்க சொன்னீங்கன்னு பதினெட்டு நாள் ஜனங்களைப் பள்ளிக்கூடத்துல படுக்க வச்சோம். மலை ஒரு தும்மல்கூடப் போடலை. தரை சாயாம மறுபடி மேலிடத்துல போய் எந்த முகத்தோட நிக்கிறது?"

அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. மலைச்சரிவில் இருந்த அண்ணனுக்குப் போன் போட்டாள். கருவி இருப்பதும் அவன் வீட்டுக் கொல்லையில்தான்.

"அண்ணே, அண்ணியையும் பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டு உடனே கிளம்பு."

"வந்துட்டாய்யா அவசரம்மா!" அண்ணன் சிரித்தான். ஊர் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் அது. "அரசாங்க உத்தரவு வந்துடுச்சா?"

"வரலை. தங்கச்சி சொல்றேன்."

"போன தடவையும் நீதான் சொன்னே. திரும்பி வந்து பார்த்தா கோழிக்கூண்டு காலி. உங்க அண்ணி இன்னும் என்னைக் குத்திக்காட்டுறா."

"கீழே வர ஒரே பாலம்ணே. மலை பொங்கிச் சேறு இறங்கிட்டா..." அவள் குரல் உடைந்தது.

"அட, அழாதே பாப்பா. உன் கருவிப் பெட்டியை நான் கண்ணுல வச்சுப் பார்த்துக்கறேன். மாட்டும்போது 'மட்டம் பார்க்கிற குழாய்ல குமிழி நடுவுல நிக்கணும்'னு நீதானே சொன்னே? இப்பல்லாம் விடிஞ்சா ஓரத்துல ஒதுங்கிக் கிடக்குது. நான்தான் தினமும் ஆறு மணிக்குத் திருகாணியைத் திருகி நடுவுக்குக் கொண்டுவர்றேன்."

அவள் திரையில் சாய்வுமானியின் அசையாத நேர்க்கோட்டைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் மேலிடத்துக்குப் போனில், "பயமில்லைங்க, தரை சாயலை," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளாண்ணே?"

"மூணு வாரமா. இரு, இப்பவும் பார்க்கிறேன்... காலையிலதான் சரிபண்ணேன், அதுக்குள்ள மறுபடி ஓரத்துக்கு ஓடிடுச்சு பாப்பா. திருகாணிதான் இதுக்குமேல திரும்ப மாட்டேங்குது."